மேலே இடப்பக்கம், கீழே வலப்பக்கம்: சின்ன அரும்பொருளகங்களைப் பார்க்கும் விதம்

அத்தை கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. உள்ளே ஒரு பொம்மைப் பெண். கசங்காத சேலை, தலையில் முண்டாசு, கையில் கத்தி. எதிரே சிமெண்டில் செய்து பழுப்புச் சாயம் பூசிய ரப்பர் மரம். மரத்தில் சாய்வாக ஒரு வெட்டுக்கோடு, கோட்டின் அடியில் ஒரு மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம். என் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அத்தை என் பக்கம் திரும்பி, "இந்தப் பொம்பள எந்தத் தோட்டத்துல வேல பாத்தா? கோட்ட மாத்திப் போட்டிருக்காளே! கங்காணி பாத்திருந்தா அன்னிக்கே வேலய விட்டு நிறுத்தியிருப்பான்" என்றார்.

அத்தை மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 31 வருடம் பால்வெட்டு வேலை பார்த்தவர். அவர் காட்டிய பிழை இதுதான்: பொம்மையின் மரத்தில் கோடு வலப்பக்கம் உயரத்தில் தொடங்கி இடப்பக்கம் கீழே இறங்கியது. தோட்டத்தில் அது நேர் எதிர். மரத்தைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. அத்தைக்கு அது பழக்கம், காரணம் அவருக்குத் தேவைப்படவில்லை. காரணம் பட்டைக்குள்ளே இருக்கிறது. ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை. அடியிலிருந்து மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்ந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் கோடு அந்தச் சாய்வுக்குக் குறுக்கே போவதால் அதிகக் குழாய்களை அறுக்கும். மாற்றிப் போட்டால் குறைவான குழாய்கள்தான் அறுபடும். பால் வரும், ஆனால் குறையும். நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் வாளியில் தெரியும், மாதக் கடைசியில் சம்பளத்தில் தெரியும்.

காவலுக்கு இருந்த மலாய்ப் பையனிடம் அத்தை தன் தோட்டத்து மலாயில் இதைச் சொன்னார். அவன் பாவம், சிரித்துக்கொண்டே தலையாட்டினான். பொம்மையைச் செய்தவர்கள் வெளியூர்க் குத்தகைக்காரர்கள், ஏதோ படத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்றான். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம், யார் கண்டது. அந்த அரும்பொருளகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மற்ற விஷயங்களில் நல்ல இடம்தான். ஆனால் அந்த நாளிலிருந்து எந்தச் சின்ன அரும்பொருளகத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது பொருளை இல்லை. பொருளின் பக்கத்தில் வைத்திருக்கும் சீட்டை எழுதியவர் யார், அந்தப் பொருளைக் கையில் பிடித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்பதைத்தான்.

பெரிய அரும்பொருளகங்களில் இந்தக் கேள்வி எழுவதில்லை. தைப்பிங்கில் இருக்கும் பேராக் அரும்பொருளகம் 1883-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. அங்கே கிரிஸ் என்ற மலாய்க் குத்துவாள், பாய்மரம், யானைத் தலை, ராஜா காலத்துச் சாமான்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். பல நூறு பொருள்களில் ஒன்றாக ஒரு ரப்பர் கத்தி இருந்தால் நாம் நின்றுகூடப் பார்க்க மாட்டோம். ஒரே ஒரு விஷயத்துக்காக மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கும் இடத்தில் அப்படித் தாண்டிப் போக முடியாது. தோக்கியோவின் மெகுரோ பகுதியில் ஒட்டுண்ணிகளுக்கென்றே ஓர் அரும்பொருளகம் இருக்கிறது. மனித வயிற்றிலிருந்து எடுத்த 8.8 மீட்டர் நாடாப்புழு அங்கே தொங்குகிறது. கேட்டால் குமட்டும். ஆனால் அதை 1953-இல் தொடங்கியவர் ஒரு மருத்துவர். போருக்குப் பின் சுகாதாரம் கெட்டுக் கிடந்த நாட்டில் தினமும் புழுக்களோடு வந்த நோயாளிகளைப் பார்த்தவர். டில்லியில் சுலப் அமைப்பு 1992-இல் கழிப்பறைகளுக்காகத் திறந்த அரும்பொருளகமும் அதே மாதிரிதான். பார்ப்பவர் சிரித்துக்கொண்டே நுழைவார், ஆனால் அதை அமைத்தவர்கள் கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க வேலை செய்தவர்கள். புனேயில் கேல்கர் என்ற மனிதர் விளக்கு, பாக்குவெட்டி, பூட்டு, சமையல் சாமான் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, சின்ன வயதில் இறந்துபோன மகன் ராஜாவின் பெயரில் அவற்றை வைத்தார். இந்த மூன்றிலும் சேர்த்தவருக்கு அந்தப் பொருளோடு சொந்தப் பாடு ஒன்று இருந்தது.

இதற்கு நேர்மாறான வகையும் இருக்கிறது. 2008-இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, மியூசியம் என்று பலகை மாட்டிய இடங்கள் அங்கே முளைத்துக்கொண்டே இருக்கின்றன. தலைகீழாக மாட்டிய நாற்காலி, சுவரில் வரைந்த சுறாமீன், நடுவில் நின்று போட்டோ. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நானும் போயிருக்கிறேன். ஆனால் அவை ஸ்டூடியோக்கள். அங்கே பழைய பொருள் எதுவும் இல்லை, தவறாகப் போய்விடக்கூடிய உண்மையும் எதுவும் இல்லை. கூச்சிங் நகரப் பூனை அரும்பொருளகம் விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் இந்த வகையில் சேராது. கூச்சிங் என்றால் மலாயில் பூனை. அந்தச் சொல்லை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு எகிப்தின் பதப்படுத்திய பூனை வரை கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

சரி, எங்கள் பக்கம் வருவோம். சுங்கை சிப்புட்டில் வண்டியை எடுத்தால் ஒரு நாளில் சுற்றிவிடக்கூடிய தூரத்தில் எத்தனை இடங்கள் என்று ஒருமுறை கணக்குப் போட்டேன். வடக்கே கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்ட ஒரு கிழட்டு ரப்பர் மரம். நான் பார்த்ததிலேயே மிகச் சின்ன அரும்பொருளகம் அதுதான்: ஒரே பொருள், கூரை இல்லை, டிக்கெட் இல்லை. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ரப்பர் விதையின் உயிர் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதில் 9 கன்றுகளைப் பேராக்கின் ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதி (ரெசிடெண்ட்) ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். வேலிக்குள் நிற்பது அந்த ஒன்பதில் மிஞ்சியது. அதன்முன் நின்று படம் எடுப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் பட்டையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. தொட்டுப் பாருங்கள். கத்தி பட்டு ஆறிய பட்டை எப்படி முடிச்சு முடிச்சாக இருக்கும் என்று பழைய மரங்களைத் தடவினால்தான் தெரியும்.

தெற்கே போனால் நிறைய இருக்கிறது. ஈப்போவில் ஹான் சின் பெட் சூ, 1893-இல் தொடங்கிய ஹக்காச் சீனர்களான ஈயலம்ப (ஈயச் சுரங்க) முதலாளிகளின் சங்கக் கட்டடம். இப்போது அவர்களுடைய அபினி, சூதாட்டம், வியாபாரம் எல்லாவற்றையும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லும் அரும்பொருளகம். கோப்பெங்கில் 2009-இல் ஊர்க்காரர்களே சேர்ந்து திறந்த ஓர் இடம்; வீட்டுப் பரணிலிருந்து வந்த ரேடியோ, தையல் மெஷின், தராசு, அடுப்பு. கம்பாரில் மணல் பம்பு வைத்து ஈயம் எடுத்த முறையை ஆளுயரப் பொம்மைகளோடு காட்டும் தனியார் அரும்பொருளகம். பத்து காஜாவைத் தாண்டினால் தஞ்சோங் துவாலாங்கில், 1938-இல் கட்டிய, 4,500 டன் எடையுள்ள ஈயம் வாரும் கப்பல் குட்டையில் மிதக்கிறது. 1982 வரை வேலை செய்தது. சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் ஒவ்வொன்றும் ஓர் ஆளை உட்கார வைக்கிற அளவு.

கவனித்தீர்களா? எல்லாம் ஈயம். அதே பேராக்கில், அதே காலத்தில், ஈயத்துக்குச் சமமாகப் பணம் கொட்டிய ரப்பருக்கு ஒரு கிழட்டு மரமும் எங்காவது ஒரு மூலையில் ஒரு பொம்மையும்தான் என் கண்ணில் பட்டன.

ஏன் இப்படி? எனக்குத் தெரிந்து முதல் காரணம் வீடு. ஈயத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் கடைவீதியில் சொந்தமாகவோ வாடகைக்கோ தங்கினார்கள். சங்கம் வைத்தார்கள், அதற்குக் கட்டடம் வாங்கினார்கள். லம்பம் மூடினாலும் கடை மூடவில்லை, பரணில் இருந்த சாமான் பரணிலேயே இருந்தது. தோட்டத்தில் லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசை, கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். 1950-களிலும் 60-களிலும் ஆங்கிலேயத் தோட்டங்கள் கைமாறி, துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடல் காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படி வெளியேறின. அதற்குப் பதிலாகத்தான் எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடமே சந்தா வாங்கித் தோட்டம் வாங்கினார். அது தனிக் கதை. லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பம் எதை எடுத்துப் போகும்? சாமி படம், பிறப்புச் சீட்டு, பாத்திரம், தையல் மெஷின். மங்குகளையும், வாளி தூக்கும் காண்டாக் கம்பையும் யார் எடுத்துப் போவார்கள்? அவை கம்பெனிச் சாமான்.

இரண்டாவது காரணம் பொருளே. ஈயக் கப்பல் 4,500 டன், அதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ரப்பரின் கருவிகள் எல்லாம் ஒருவர் தோளில் அடங்குபவை: கத்தி, தீட்டுக்கல், தலைவிளக்கு, வெட்டில் உறைந்த ஒட்டுப்பால் போடும் சாக்குப் பை, இரண்டு வாளி, ஒரு காண்டாக் கம்பு. மரம்கூட நிற்காது. 25, 30 வருடத்தில் பால் குறைந்தால் வெட்டிச் சாய்த்துவிட்டு மறுபடி நடுவார்கள். 1960-களுக்குப் பிறகு மறுபடி நட்டதெல்லாம் பெரும்பாலும் செம்பனை. இன்று சுங்கை சிப்புட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் குலை ஏற்றிய லாரிதான் முன்னால் போகும். ரப்பர் தொழிலின் பெரிய சாதனைகளுக்கே இந்தக் கதி என்றால் நம்ப முடிகிறதா? பிபி என்ற எழுத்துகளோடு உலகம் முழுக்கப் போன ஒட்டு ரகங்கள் பிராங் புசார் தோட்டத்தில் பிறந்தவை. 1921-இல் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயர்கள் திறந்த தோட்டம் அது. இன்று அந்த இடத்தின் பெயர் புத்ராஜெயா. பிரதமர் அலுவலகம் இருக்கிறது, ஏரி இருக்கிறது, மரம் எங்கே?

மூன்றாவது காரணத்தைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். ரப்பர் வரலாற்றை எழுதியவர்கள் தோட்டத்தை மேலேயிருந்து பார்த்தவர்கள். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி சட்டைப்பையில் விதையைப் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களைத் துரத்தித் துரத்தி நடச் சொன்னார், கிறுக்கன் ரிட்லி என்று பெயர் வாங்கினார் என்பது எல்லாப் பலகையிலும் இருக்கும். மரத்தைச் சாகடிக்காமல் அதே கோட்டை மறுபடி மறுபடி மெல்லியதாகச் சீவினால் பால் கூடும் என்று அவர் கண்டுபிடித்தது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அந்த மெல்லிய சீவலைத் தினமும் 500 மரத்தில் சீவியது யார்? ஒருமுறை எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். உள்ளே இன்னும் ஒரு மில்லிமீட்டர் போனால் பட்டையை வளர்க்கும் படலத்தில் கத்தி பட்டுவிடும், மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே வெட்ட முடியாது. விடியுமுன் வெட்ட வேண்டும், ஏனென்றால் இரவில் மரம் நீரை உறிஞ்சி நிறைந்திருக்கும்போதுதான் குழாய்களில் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் பால் சுருங்கும். அதாவது ஐந்து மணி இருட்டில், கொசுக்கடியில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் கணக்கு. அத்தை இதை ஒருநாளும் கணக்காகச் சொன்னதில்லை. "கை சொல்லும்" என்பார்.

இந்தக் கைக்கு ஒரு சீட்டு எழுதப்பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இலங்கை மலையகத்தில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925-இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையை 2001-இல் அரும்பொருளகமாக மாற்றினார்கள். உருட்டும் மெஷின், உலர்த்தும் மெஷின், 1867-இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்கள், மேல் மாடியில் தேநீர். நேர்த்தியான இடம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகாக் தோட்டத்தில் இன்னொன்று, 2007-இல் திறந்தது. அங்கே கட்டடமே பழைய லயன் அறைகள்தான். உள்ளே கூடை, அம்மி, பித்தளைச் சாமான், பெயர் பதிந்த சீட்டுகள், பாட்டு, சாமி கும்பிடும் பொருள்கள். இரண்டும் தேயிலை அரும்பொருளகம்தான். முதலாவதைப் பார்த்தால் தேயிலை எப்படித் தூளாகிறது என்று தெரியும். இரண்டாவதில் அதைக் கிள்ளியவர் ராத்திரி எந்த அளவு இடத்தில் படுத்தார் என்று தெரியும். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்று சொன்னால் பாரபட்சம் என்பார்கள். ஆமாம், பாரபட்சம்தான்.

சீட்டில் யார் பெயர் விடுபடுகிறது என்பதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் தாய்லாந்தில் இருக்கிறது. காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரையின் வளாகத்தில் 1977-இல் தொடங்கிய ஒரு சின்ன போர் அரும்பொருளகம். மூங்கில் கொட்டகை, கைதிகள் படுத்த பலகை, பழைய படங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதை பற்றியது. அதன் பெயர் ஜீத். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா–அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர். 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள், அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம். பெயரில் மலாயாவுக்கு எழுத்து இல்லை, பர்மாவுக்கு இல்லை, இந்தியாவுக்கு இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் விட்டிருக்க மாட்டார்கள். கைதிகள் டைரி எழுதினார்கள், ஒளித்து வைத்துப் படம் வரைந்தார்கள், திரும்பிப் போய் ஊரில் சங்கம் வைத்தார்கள். எங்கள் தாத்தாக்கள் திரும்பி வந்து பெரட்டுக் களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பெயர் கொடுத்துவிட்டு மறுநாள் மரம் வெட்டப் போனார்கள்.

எங்கள் ஊரும் அப்படித்தான் சீட்டில் ஏறியது. பெரிய அரும்பொருளகங்களில் சுங்கை சிப்புட் என்ற பெயர் வந்தால் 1948 ஜூன் 16 என்ற தேதியோடு வரும். அன்று காலை இரண்டு தோட்டங்களில் மூன்று ஆங்கிலேயத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கியது, 1960 வரை நீடித்தது. அது நடந்தது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்று காலை அதே தோட்டங்களில் ஏற்கெனவே மங்குகளில் பால் இறங்கிக்கொண்டிருந்திருக்கும், அதை யாரோ எடுத்து ஸ்டோரில் கொட்டி எடை போட்டிருப்பார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சின்ன அரும்பொருளகங்களுக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். போகுமுன் போன் செய்துவிட்டுப் போங்கள். பல இடங்களில் சாவி ஒருவரிடம்தான் இருக்கும், அவருக்கு அன்று கல்யாண வீடு இருக்கலாம். இலவசம் என்றாலும் உண்டியலில் ஏதாவது போடுங்கள், மின்கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. இந்தப் பொருள் யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள், கதை அங்கேதான் தொடங்கும். முடிந்தால் அந்த வேலையைச் செய்த ஒரு வயதானவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சக்கர நாற்காலி ஏறுமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்; கோப்பெங், ஈப்போ மாதிரி பழைய கடைக் கட்டடங்களில் படிகள் செங்குத்து. அத்தையை மாடிக்கு ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கூண்டுக்கு முன்னால் நடந்ததற்குப் பிறகு அத்தை வேறு எதையும் சரியாகப் பார்க்கவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் ரப்பர் கொட்டை பற்றிப் பேச ஆரம்பித்தார். வெயில் காலத்தில் காய் வெடித்துச் சிதறும் சத்தம் லயத்துக் கூரையில் பட்டாசு மாதிரிக் கேட்குமாம். பிள்ளைகள் அந்தப் புள்ளிபோட்ட கொட்டையைப் பொறுக்கி, சிமெண்டில் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவார்கள். எனக்கும் வைத்திருக்கிறார்கள். இதை எந்தக் கூண்டில் வைப்பது, எந்தச் சீட்டில் எழுதுவது? பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு கூடை கொட்டையும் ஒரு துண்டு சிமெண்டுத் தரையும் கொடுத்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் கத்தி ஞாபகம் வந்தது. பின்வாசல் ஜன்னல் கம்பியில் எப்போதும் சொருகியிருக்கும். நுனி மடங்கி, மரப்பிடி கைபட்டுக் கறுத்து, கட்டைவிரல் அழுத்தும் இடத்தில் ஒரு குழி. அந்தக் குழியைப் பார்த்தால் அவர் இடக்கைக்காரர் என்பது தெரிந்துவிடும். 31 வருடம் இடக்கையால் இடமிருந்து வலமாக வெட்டியிருக்கிறார், அது எவ்வளவு சிரமம் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். பழைய இரும்பு லாரிக்காரன் மாதம் ஒருமுறை வருகிறான், எப்போதாவது தூக்கிப் போட்டுவிடப் போகிறார் என்ற பயத்தில், "அத்தை, அத எனக்குக் குடுங்க, நான் பத்திரமா வெக்கிறேன். எங்கயாவது மியூசியத்துக்குக் கூடக் குடுக்கலாம்" என்றேன்.

"குடுத்துட்டு, வாசல்ல வெடிப்புக்குள்ள மொளைக்கிற புல்ல நா எத வெச்சுத் தோண்டுறது?" என்று கேட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.